மழுப்பலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?

மழுப்பிப் பேசுவதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, எப்படி மழுப்புகிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவுக்கு ஆத்தங்குடித் தரைக்கல் சொல்லியிருந்தோம். எப்போது வரும் என்றால், "காயணும்ல, வந்துரும், பார்ப்போம்" என்பார் பட்டறைக்காரர். இப்படிப் பிடி கொடுக்காமல் பேசுவது 'ஹெட்ஜ்'. வேலிக்கும் அதே சொல்தான். அப்புறம் "வெள்ளிக்கிழமை அனுப்பிடுறேன்" என்றார். எந்த வெள்ளி? இரண்டு அர்த்தம் வரும்படி வேண்டுமென்றே பேசினால் 'ஈக்விவொகேட்'. லத்தீன் வேரில் 'சமமான குரல்' என்று பொருள். இரண்டு அர்த்தமும் ஒரே அளவு ஒலிக்கும். உண்மையைச் சொல்லாமல் நழுவினால் 'பிரிவேரிகேட்'. இது பொய்க்குப் பக்கத்து வீடு, யாரையும் பார்த்துச் சொல்லுமுன் யோசியுங்கள். வளவளவென்று இழுத்தால் பிரிட்டனில் 'வாஃபிள்'.

எழுத்தில் மழுப்புவதற்கு எனக்குப் பிடித்த சொல் 'காபில்டிகூக்'. அரசு அலுவலகங்களின் புரியாத நடையில் சலித்துப்போய், 1944-இல் அமெரிக்க அரசியல்வாதி மோரி மேவரிக் வான்கோழிச் சத்தத்தை வைத்து உருவாக்கியது.

'வீசல் வேர்ட்ஸ்' நம்மை ஏமாற்றும் வகை. முட்டையின் ஓடு உடையாமல் உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும் என்று சொல்லப்படும் பிராணிதான் 'வீசல்'. ஜவுளிக்கடை வாசலில் '50 சதவீதம் வரை தள்ளுபடி' என்று இருக்குமே, அந்த 'வரை' இந்த ரகம்தான்.