மொரீன் ஓஹாரா: மகளோடு எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி: நானும் என் 12 வயது மகளும் சனிக்கிழமை இரவுகளில் பழைய படம் பார்ப்போம். 'குழந்தையும் தெய்வமும்' பார்த்து ரசித்துவிட்டு, அதற்கு முன்னோடியான 'தி பேரன்ட் டிராப்' படத்தையும் தேடிப் பார்த்தோம். அதில் அம்மாவாக வரும் மொரீன் ஓஹாராவை மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்து எதைப் பார்க்கலாம்? கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து போய்விடுகிறாள். 'தி குவயட் மேன்'தான் அவருடைய சிறந்த படம் என்கிறார்கள். ஆனால் அதில் கணவன் மனைவியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறானாமே, குழந்தையோடு பார்க்கலாமா? இன்னொன்று, பள்ளியில் பிடித்த ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம், இவரைப் பற்றித்தான் பேசுவேன் என்கிறாள். எதைப் பேசச் சொல்வது?

பதில்: நல்ல வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள். 1965-ல் ஜமுனா செய்த அந்த அம்மா வேடத்தை 1961-ல் செய்தபோது ஓஹாராவுக்கு வயது நாற்பது. அதற்குள் அவர் இருபது வருடத்துக்கும் மேலாகக் கதாநாயகியாக இருந்தாயிற்று. முன்னாள் கணவனோடு வாக்குவாதம் முற்றி அவன் கண்ணில் ஒரு குத்து விழுமே, அந்தக் காட்சியை மகள் சிரித்து ரசித்திருப்பாள். அந்தக் கோபம் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும். சும்மா வருகிற கோபம் இல்லை. தனக்கு உரியதை யாரோ தரவில்லை என்பதால் வருகிற கோபம். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவருடைய மற்ற படங்கள் சுலபமாகத் திறக்கும்.

அடுத்த சனிக்கிழமைக்கு 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' (1947) வையுங்கள். கறுப்பு வெள்ளைதான், ஆனால் மகள் எழுந்து போக மாட்டாள், ஏனென்றால் கதையில் எட்டு வயது நடாலி வுட் இருக்கிறார். ஓஹாரா நியூயார்க்கின் மேசீஸ் கடையில் பெரிய பொறுப்பில் இருக்கும், விவாகரத்தான அம்மா. மகளுக்குத் தேவதைக் கதையே சொல்லாமல் வளர்க்கிறார். கடைக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட வந்த முதியவர் நான் நிஜமான தாத்தாதான் என்று சொல்ல ஆரம்பித்ததும் வீட்டிலும் நீதிமன்றத்திலும் குழப்பம். விவாகரத்தான ஒரு பெண்ணை நல்லவளாகக் காட்டியதற்கே அன்றைய கத்தோலிக்கத் தணிக்கைக் குழு இந்தப் படத்தின் மேல் ஆட்சேபக் குறி போட்டது. தொடக்கத்தில் வரும் ஊர்வலம் செட் இல்லை, 1946-ல் நடந்த உண்மையான மேசீஸ் ஊர்வலம். திரும்ப எடுக்க வழியில்லாததால் பல கேமராக்களை வைத்து ஒரே மூச்சில் பிடித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படத்துக்கு 1985-ல் கணினியில் வண்ணம் பூசிய பிரதி ஒன்று வந்தது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மகளுக்காக அதைப் போடலாமே என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். முகத்தில் தேய்த்த மாவு மாதிரி ஒரே நிறம் அப்பிக்கிடக்கும், ஓஹாராவின் கண்ணிலிருந்து ஒளியே போய்விடும். லண்டனில் அவருக்கு எடுத்த முதல் சோதனைப் படத்தில் தங்கச் சரிகை உடையும் கனத்த ஒப்பனையும் போட்டுக் கெடுத்து வைத்திருந்தார்கள், அதையும் மீறி நடிகர் சார்ல்ஸ் லாட்டன் கவனித்தது அந்தக் கண்களைத்தான். அவர்தான் பதினெட்டு வயதுப் பெண்ணை 'ஜமைக்கா இன்' படத்துக்கும், அப்புறம் அமெரிக்காவுக்கு அழைத்துப் போய் 'தி ஹஞ்ச்பேக் ஆஃப் நோத்ரதாம்' படத்துக்கும் கொண்டுவந்தார். இரண்டும் 1939, இரண்டும் கறுப்பு வெள்ளை.

டிவியையும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும். அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன்' வசதியை அணையுங்கள், இல்லாவிட்டால் பழைய படம் சீரியல் மாதிரித் தெரியும். பட அமைப்பு 'விவிட்' என்று இருந்தால் 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று ஜூம் செய்யாதீர்கள், 1950 வாக்கில் படங்கள் அந்தச் சதுரவாட்டத்தில்தான் எடுக்கப்பட்டன. ஜூம் செய்தால் நெற்றியும் கைகளும் போய்விடும், கை போனால் ஓஹாராவின் நடிப்பில் பாதி போய்விடும்.

வண்ணப் படம் கேட்டு மகள் அடம்பிடித்தால் 'அட் ஸ்வார்ட்ஸ் பாயின்ட்' (1952). மூன்று வாள்வீரர்களின் பிள்ளைகள் கதை, அதில் ஓஹாரா ஆதோஸின் மகள், ஆண்களுக்குச் சமமாக வாள் சுழற்றுவார். படம் பெரிய காவியம் கிடையாது, ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண் பார்க்க இதைவிடக் குஷியான படம் அவரிடம் இல்லை. அந்தக் காலத்து வண்ணப்பட முறையான டெக்னிகலரில் கேமரா ஒரே காட்சியை மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பிரித்துப் பிடிக்கும், பிறகு மூன்று சாயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். சிவப்புத் தலைமுடியும் பச்சைக் கண்ணும் அந்தச் சாயத்தில் ஜொலித்ததால் 'டெக்னிகலர் ராணி' என்று பட்டம் கொடுத்து, ஸ்டூடியோக்கள் அவரைக் கப்பல், பாலைவனம், கோட்டை என்று வருடக்கணக்கில் அலங்காரமாக நிறுத்தி வைத்தன. எனக்கு அது இன்றும் ஆற்றாமைதான். டைரோன் பவரோடு நடித்த 'தி பிளாக் ஸ்வான்' (1942) ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கியது, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதில் நாயகன் நாயகியை நடத்தும் விதம் சகிக்காது, மகளோடு வேண்டாம்.

மூன்றாவது வாரம் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' (1941). வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தின் கதை. போர் நடந்துகொண்டிருந்ததால் அங்கே போக முடியாமல், அந்தக் கிராமத்தையே கலிஃபோர்னியாவில் கட்டினார்கள். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர். சாவுகள் வரும், மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஓஹாராவின் ஆங்கரட் பாதிரியாரை விரும்பிவிட்டுச் சுரங்க முதலாளியின் மகனைக் கட்டிக்கொள்கிறாள். தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது முகத்திரையைக் காற்று மேலே தூக்குகிறது, அது வெள்ளைப் புகை மாதிரி ஆகாயத்தை நோக்கி நிற்கிறது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வண்டி போன பிறகு தூரத்தில் கல்லறைகளுக்கு நடுவே மரத்தடியில் பாதிரியார் சின்னதாக நின்றுகொண்டிருப்பார். அதைக் காட்டி விளக்க வேண்டாம், மகளே கண்டுபிடிக்கட்டும்.

சரி, 'தி குவயட் மேன்' (1952). பார்க்கலாம், ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் நிறுத்திப் பேசத் தயாராக இருக்க வேண்டும்.

கதை அயர்லாந்துக் கிராமம் ஒன்றில் நடக்கிறது. மேயோ மாவட்டத்துக் காங் கிராமத்தில் 1951 கோடையில் எடுத்தது. குத்துச்சண்டை வளையத்தில் ஒருவனைக் கொன்றுவிட்ட குற்ற உணர்வோடு அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் ஷான் (ஜான் வெய்ன்), மேரி கேட்டைக் கல்யாணம் செய்கிறான். அவளுடைய அண்ணன் அவளுக்கு உரிய 350 பவுண்டு பணத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் தர மறுக்கிறான். ஷானுக்கு அந்தப் பணம் தேவையில்லை, உன்னைக் கட்டினேன், பணத்தை இல்லை என்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் விடமாட்டேன் என்கிறாள்.

இந்த இடத்தில் ஆங்கில விமர்சகர்களைவிட நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு இருப்பது ஒரே சொல், அதை வரதட்சணை என்று மொழிபெயர்த்துக்கொண்டால் மேரி கேட் பணத்தாசை பிடித்தவளாகத் தெரிவாள். அவள் கேட்பது சீதனம். அம்மா வழியில் வந்த சாமான், தான் சேர்த்த காசு, புகுந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள நாலு பொருள். அது இல்லாமல் போனால் இத்தனை வருடம் அண்ணன் வீட்டில் இருந்த அதே சம்பளமில்லாத வேலைக்காரியாகத்தான் இங்கேயும் இருப்பேன் என்பது அவள் பயம். இதை மகளிடம் படத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் பாதிரியாரிடம் தன் தாம்பத்தியக் குறையைச் சொல்ல வருவாள். ஆங்கிலத்தில் சொல்ல நாக்கு எழாது, ஐரிஷில் சொல்லட்டுமா என்று கேட்டு அந்த மொழியில் தணிந்த குரலில் கொட்டுவாள். டப்ளினில் வளர்ந்த ஓஹாராவுக்கு அது அறிந்த மொழி, அவர் உடம்பே அந்த நிமிடம் தளர்ந்து வேறு ஆளாகிவிடும். சப்டைட்டில் இல்லையே என்று தேடாதீர்கள், புரியாவிட்டாலும் புரியும்.

இழுத்துச் செல்லும் காட்சி உண்மைதான். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து மைல், வயல் வழியாக, ஊரே பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறது. ஒரு பெண்மணி, இந்த அழகியை அடிக்க இதோ நல்ல குச்சி என்று நீட்டுகிறாள். படம் இதைச் சிரிப்பாக எடுத்திருக்கிறது, எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை, காலம் அப்படி என்று பூசி மெழுகவும் மாட்டேன். படப்பிடிப்பிலும் இது விளையாட்டாக இல்லை. இழுக்கப்போகும் இடத்தில் இயக்குநர் ஜான் ஃபோர்டும் வெய்னும் சேர்ந்து ஆட்டுச் சாணத்தைத் தள்ளி வைத்ததையும், பிறகு துடைத்துக்கொள்ளத் துண்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று ஃபோர்ட் சொன்னதையும் ஓஹாரா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வேறொரு காட்சியில் கோபத்தோடு வெய்னை அறைய வீசிய கை தடுக்கப்பட்டு எலும்பில் கீறல் விழுந்ததையும் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்த இடத்தில் எழுந்துவிடாதீர்கள். அண்ணன் கடைசியில் பணத்தை விட்டெறிந்ததும் கதிரடிக்கும் இயந்திரத்தின் உலைக் கதவை மேரி கேட்தான் போய்த் திறக்கிறாள். ஷான் பணத்தை நெருப்பில் போடுகிறான், அவள் கதவைச் சாத்திவிட்டு, சாப்பாடு தயாராக இருக்கும் என்று சொல்லித் தலை நிமிர்ந்து நடக்கிறாள். கிடைத்த பிறகு எரிக்க அவளுக்குச் சம்மதம், கிடைக்காமல் விட்டுக்கொடுக்கத்தான் சம்மதமில்லை. கல்யாண இரவை ஒட்டி உடைந்த கட்டிலைப் பற்றி ஒரு கேலியும் வரும், அதற்கும் தயாராக இருங்கள். இந்தப் படத்தின் பழைய பிரதிகள் சாயம் போனவை, 2013-ல் ப்ளூ-ரேயில் வந்த பிரதியைத் தேடுங்கள்.

'டான்ஸ், கேர்ள், டான்ஸ்' (1940) மகளுக்குப் பதினைந்து ஆகட்டும். அன்றைய ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் ஏறக்குறைய ஒரே பெண் இயக்குநரான டாரதி ஆர்ஸ்னர் எடுத்தது. தன்னைப் பார்த்துச் சிரிக்கும் ஆண்கள் கூட்டத்தின் முன் ஆடுவதை நிறுத்திவிட்டு, மேடை விளிம்புக்கு வந்து நின்று அவர்களை நேராகப் பார்த்து ஓஹாரா பேசும் ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். வந்த காலத்தில் தோல்வி, முப்பது வருடம் கழித்துத்தான் பெண்ணியவாதிகள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள்.

பள்ளிப் பேச்சுக்குப் பிறந்த தேதி, பட எண்ணிக்கை என்று அடுக்க வேண்டாம். 1920 ஆகஸ்ட் 17, டப்ளின், ரானலா என்று ஒரு வரி போதும். பெயரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: பிறந்த பெயர் மொரீன் ஃபிட்ஸ்சைமன்ஸ், விளம்பரப் பலகைக்கு நீளம் என்று லாட்டன் மாற்றியபோது அவருக்கு அதில் விருப்பமே இல்லை. 1946-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கப் போனபோது அதிகாரிகள் பிரிட்டிஷ் பிரஜை என்று எழுதியதை ஏற்க மறுத்து, நான் ஐரிஷ்காரி என்று வாதாடியதாகத் தன்வரலாற்றில் சொல்கிறார். 1957-ல் 'கான்ஃபிடென்ஷியல்' என்ற வம்புப் பத்திரிகை அவர் திரையரங்கில் ஒரு ஆணோடு ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாக எழுதியபோது, மற்ற நட்சத்திரங்கள் பலர் ஒதுங்கிக்கொள்ள, இவர் நீதிமன்றத்துக்கு வந்து பாஸ்போர்ட்டை நீட்டினார். அவர்கள் சொன்ன சமயத்தில் அவர் ஸ்பெயினில் இருந்ததற்கு அதில் முத்திரை இருந்தது. கேட்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு சம்பவமே போதும், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

நேரம் மிச்சமிருந்தால் விமானத்தைப் பற்றிப் பேசட்டும். விமானியான கணவர் சார்ல்ஸ் பிளேர் கரீபியன் தீவுகளுக்கிடையே கடல் விமானங்கள் ஓட்டும் நிறுவனம் நடத்தினார். 1978-ல் அவர் விபத்தில் இறந்ததும் நிறுவனத்தின் தலைமையை ஓஹாரா ஏற்றார். அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனம் ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண் என்று சொல்வார்கள்.

ஆஸ்கர் பற்றி மட்டும் மகள் கவனமாகச் சொல்லட்டும், இணையத்தில் பலரும் தவறாக எழுதுகிறார்கள். போட்டிப் பிரிவில் அவர் பெயர் ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. கௌரவ விருதுதான் கிடைத்தது, அதுவும் 2014 நவம்பரில், 94 வயதில். அடுத்த வருடம் அக்டோபர் 24 அன்று ஐடஹோவில் இறந்தார். ஆர்லிங்டன் கல்லறையில் பிளேருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.