கோடு நேராக வந்தும் மதிப்பெண் இல்லை, ஏன்?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 2எக்ஸ் − 3(எக்ஸ் − ஒய்) = 6 என்ற சமன்பாட்டுக்கு வரைபடம் வரைந்தாள். மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில்தான் விழுந்தன. ஆனாலும் தவறு என்று சுழித்திருக்கிறார்கள். டியூஷனில் ‘ரெண்டு புள்ளி போதும், ஷார்ட்கட் இருக்கு’ என்கிறார்கள். நோட்டுப் பக்கத்தை இணைத்துள்ளேன். அங்கே சேர்க்கலாமா? (ஒரு தாய், குடியாத்தம்)

பதில்: அந்த ஷார்ட்கட்டுக்காகச் சேர்க்காதீர்கள், அம்மா. வரைபடத்தாளில் பிழையே இல்லை. அதற்கு முன்பு, அடைப்புக்குறியை நீக்கிய வரியில் இருக்கிறது. −3(எக்ஸ் − ஒய்) என்பதை −3எக்ஸ் − 3ஒய் என்று எழுதியிருக்கிறாள். வெளியே நிற்கும் −3 உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்கும். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ். ஆகவே −3எக்ஸ் + 3ஒய். சுருக்கினால் −எக்ஸ் + 3ஒய் = 6, அதாவது ஒய் = (எக்ஸ் + 6) ÷ 3.

எக்ஸுக்கு −6, 0, 3 போடச் சொல்லுங்கள். ஒய் 0, 2, 3 என்று முழு எண்ணாக வரும். எக்ஸ் = 1 போட்டால் 7/3 வந்து, தாளில் எங்கே குறிப்பதென்று திணறுவாள். இரண்டு அச்சுக்கும் 1 செ.மீ. = 1 அலகு போதும். அதைத் தாளின் மேல் மூலையில் எழுத வேண்டும்.

தப்பான சமன்பாட்டுக்கும் கோடு நேராகத்தான் வரும். மூன்றாவது புள்ளி, அட்டவணைக் கணக்கில் வந்த பிழையைக் காட்டுமே தவிர, சுருக்கியதில் வந்த பிழையைக் காட்டாது. எனவே புள்ளியைக் கேள்வித்தாளில் உள்ள மூலச் சமன்பாட்டிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். அவள் குறித்த (3, −3) ஐப் போட்டால் 6 − 18 = −12; 6 வரவில்லை. ஆனால் (−6, 0) ஐ மட்டும் சோதித்திருந்தால் சரியென்றே தோன்றியிருக்கும். ஒய் பூஜ்யமானால் குறிப்பிழை மறைந்துவிடும். பூஜ்யம் இல்லாத புள்ளியைத்தான் சோதிக்க வேண்டும். பிழை எந்த வரியில் என்று காட்டாமல் விடையை மட்டும் சுழித்துத் திருப்பித் தந்தால் பிள்ளை எதைத் திருத்திக்கொள்ளும்? வரிக்கு வரி திருத்த நேரம் தராத பள்ளி ஏற்பாட்டின் மேல்தான் எனக்குக் கோபம்.

டியூஷன்காரர்கள் சொல்லும் ஷார்ட்கட், எக்ஸ் = 0 போட்டு ஒரு புள்ளி, ஒய் = 0 போட்டு இன்னொரு புள்ளி என்பது. உங்கள் ஊர்த் தீப்பெட்டி ஒன்று 2 ரூபாய் என்றால் ஒய் = 2எக்ஸ். இதில் இரண்டு தடவையும் (0, 0) தான் கிடைக்கும். ஒரு புள்ளியை வைத்து எந்தக் கோட்டை வரைவது? பத்தாம் வகுப்பில் 8 மதிப்பெண்ணுக்கு வரும் நேர் மாறுபாட்டு வரைபடம் இந்த வகைதான். கைடில் அச்சிட்ட அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் எண் மாறியதும் அங்கே தடுமாறுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அவசியம் சொல்லிக்கொடுங்கள்: எக்ஸ் = 4. இதில் ஒய் இல்லை; ‘ஒய் =’ என்று மாற்ற வழியும் இல்லை. பிள்ளைகள் பயந்து (4, 0) என்று ஒரு புள்ளியை வைத்து நிறுத்திவிடுவார்கள், அல்லது படுக்கைக் கோடு போடுவார்கள். ஒய் இல்லை என்றால் ஒய் பூஜ்யம் என்று பொருளில்லை. எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். (4, −2), (4, 0), (4, 3) மூன்றையும் குறித்து இணைக்கட்டும். கோடு ஒய் அச்சுக்கு இணையாகச் செங்குத்தாக நிற்கும்.