ஜாப் கார்டில் ஏறாத புகார்: கார் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாரண்டிக் காலம் இன்னும் முடியாத சிறிய குடும்பக் கார்களைப் பற்றியவை. பழுது என்ன என்பதைவிட, அதற்குப் பணம் தர வேண்டியவர் யார் என்பதே பலருடைய கவலையாக இருக்கிறது. இரண்டும் பிரிக்க முடியாதவை என்பதால் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் கார் வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டுமே வெளியே எடுக்கிறேன். சில காலைகளில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்கிறது, என்ஜின் சுழல்வதில்லை. பேட்டரியை மாற்ற வேண்டும், அது வாரண்டியில் வராது என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைத் தர முடியாமல் பேட்டரியின் மின்னழுத்தம் சரியும்போது, ஸ்டார்ட்டருக்கு இணைப்புத் தரும் சுவிட்ச் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். நீங்கள் கேட்கும் தொடர் ஓசை அதுதான். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, முகப்பு விளக்கும் மங்காமல் எரிந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். விளக்கும் சேர்ந்து மங்கினால் பேட்டரி, அல்லது பேட்டரிக்கும் காருக்கும் இடையிலுள்ள இணைப்பு.

அந்த இணைப்பைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். என் பக்கத்து வீட்டுக்காரர் இதே ஓசைக்காகப் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினார்; பத்தே நாளில் அதே ‘டிக் டிக்’. பானெட்டைத் திறந்து நெகட்டிவ் டெர்மினலின் பிடியை இரண்டு விரலால் திருகினேன். அது தண்டின் மேல் தாராளமாகச் சுழன்றது. ஸ்பேனரால் இரண்டு சுற்று இறுக்கியதோடு வேலை முடிந்துவிட்டது. வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி படர்ந்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் கழுவித் துடைத்து, நெகட்டிவையே கடைசியில் மாட்ட வேண்டும்.

அதன் பிறகும் ஓசை தொடர்ந்தால் மின்னழுத்தத்தை அளக்கும் மல்ட்டிமீட்டர் வேண்டும். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி; 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. என்ஜின் ஓடும்போது, முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தால், பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குற்றவாளி, ஓடும் என்ஜினிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டராக இருக்கலாம், அது காரின் வாரண்டியில் அடங்கும் பாகம். பேட்டரிக்கோ பெரும்பாலும் அதைத் தயாரித்த நிறுவனமே தனியாக வாரண்டி அட்டை தருகிறது; காருடன் கொடுத்த உறையில் அந்த அட்டை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஓட்டுவதாக நீங்கள் எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறுத்திப் பூட்டிய காரும் கடிகாரம், அலாரம், கணினிகள் ஆகியவற்றுக்காகச் சிறிது மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு எனக் கொண்டால், ஒரு வாரத்தில் 8.4 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது கால் பங்குக்கு அருகில். வெளியில் பொருத்திய கேமரா ஒன்று நிறுத்திய நிலையிலும் 250 மில்லி ஆம்பியர் இழுத்தால், அதே வாரத்தில் பேட்டரி முழுவதும் வற்றிவிடும். அப்படி ஏதும் பொருத்தியிருந்தால் ஒரு வாரம் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். சர்வீஸ் சென்டரில், பேட்டரி சோதனையின் அளவையும் ஆல்டர்னேட்டரின் சார்ஜிங் அளவையும் ஜாப் கார்டில், அதாவது உங்கள் புகாரையும் செய்த வேலையையும் அவர்கள் பதியும் தாளில், எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘பேட்டரி வீக்’ என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

கேள்வி: 18,000 கி.மீ. மட்டுமே ஓடிய காரில், முதல் கியரில் கிளம்பும்போது வண்டி உதறுகிறது. மேட்டில் ஏறினால் தீய்ந்த வாடை வருகிறது. கிளட்ச் தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்று கையை விரிக்கிறார்கள்.

பதில்: கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள்தான், பிரேக் பேட், வைப்பர் ரப்பர், ஃபில்டர் ஆகியவற்றோடு அதையும் சேர்த்தே வாரண்டிப் புத்தகங்கள் விலக்குகின்றன. ஆனால் கிளட்ச் என்பது அந்தப் பிளேட் மட்டும் அன்று. பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதியின் அழுத்தத்தைக் கொண்டு சேர்க்கும் ரிலீஸ் பேரிங், பின்னால் என்ஜின் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ஆயில் சீல் என்று பல பாகங்கள் அங்கே இருக்கின்றன. இவற்றில் ஒன்று பழுதாகி அதனால் பிளேட் கெட்டிருந்தால், அதைத் தேய்மானம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, ‘கிளட்ச் வாரண்டியில் வருமா’ என்பதன்று. ‘பிளேட் ஏன் கெட்டது’ என்பதே. கியர்பாக்ஸை இறக்கும்போது நேரில் இருக்க அனுமதி கேளுங்கள். பிளேட்டின் மேல் எண்ணெய் ஊறியிருந்தால் சீல் கசிந்திருக்கிறது. ரிவெட் விட்டிருந்தாலோ, நடுவிலுள்ள சிறு ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ அது தயாரிப்புக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். இவை ஏதும் இல்லாமல், பிளேட் சீராகத் தேய்ந்து, பிளேட் அழுந்தும் என்ஜின் சக்கரமான ஃப்ளைவீலின் முகத்திலும் பிரஷர் பிளேட்டிலும் நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தால், அது சூட்டின் தடம்: மிதியிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டியதாலோ, மேட்டில் பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்ததாலோ வருவது. இதை எழுதச் சற்று சங்கடமாக இருந்தாலும், தீய்ந்த வாடை என்று நீங்கள் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். மென்மையான காலில் ஒரு லட்சம் கி.மீ. தாண்டும் கிளட்ச், பழக்கம் சரியில்லாத காலில் 18,000-க்குள் முடிந்துபோவது அபூர்வம் அன்று.

திறந்து பார்ப்பதற்கு முன் இரண்டு செய்திகளை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வாரண்டி மறுக்கப்பட்டால் இறக்கி ஏற்றும் கூலியை யார் தருவது என்பது ஒன்று. கழற்றிய பாகங்கள் உங்களுக்குக் காட்டப்படும் என்பது மற்றொன்று. கூலியைப் பற்றி முன்கூட்டிப் பேசாமல் பிறகு வருந்துவோரே அதிகம்.

கேள்வி: என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு சில நேரம் விட்டு விட்டு எரிகிறது, வண்டியும் அதிர்கிறது. சிறிது நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. அலட்சியப்படுத்தலாமா?

பதில்: கூடாது. அந்த விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல் ஓடினால் அவசரமில்லை; பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாததுகூடக் காரணமாக இருக்கலாம், இறுக்கிய பின்னும் சில பயணங்கள் கழித்தே விளக்கு அணையும். விட்டு விட்டு எரிவது வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பு உருகிவிடும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயிலோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகும் இடம் இது. வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

தானாகச் சரியானாலும் பிழைக் குறியீடு கணினியின் நினைவில் இருக்கும். அதை அழிப்பதற்கு முன் எழுதி வாங்குங்கள். எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில் பிழை நிகழ்ந்தது என்ற பதிவும் குறியீட்டோடு சேர்ந்தே அழிந்துவிடும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள என்ஜினில், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றி ஓட்டிப் பார்த்து, பிழையும் அதோடு இடம் மாறி பி0302 என்று வந்தால், காயில்தான் பழுது என்பது பொருள்.

கேள்வி: ஏசி போட்டு நிறுத்தினால் காரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது.

பதில்: சொட்டத்தான் வேண்டும், காற்றிலிருந்து பிரிந்த ஈரம் அது. சொட்டுவது நின்று, முன்பக்கத் தரைவிரிப்பு நனைந்தால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். சொட்டுவது நிறமாகவோ, வழவழப்பாகவோ, இனிப்பு வாடையோடோ இருந்தால் அது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், உடனே காட்டுங்கள்.

கேள்வி: முன்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்ற ஓசை வருகிறது. சர்வீஸ் சென்டருக்குப் போனால் மட்டும் வருவதில்லை. மூன்று முறை ‘குறை ஏதும் இல்லை’ என்று திருப்பித் தந்துவிட்டார்கள். வாரண்டி முடிய இரண்டு மாதமே இருக்கிறது.

பதில்: உங்கள் ஜாப் கார்டுகளின் நகலைப் பார்த்தேன். மூன்றிலும் ‘முன்பக்கச் சத்தம், சரிபார்க்கவும்’ என்றே இருக்கிறது. அதை வாசிக்கும் மெக்கானிக் வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வேறென்ன எழுதுவார்? அடுத்த முறை இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘காலையில் முதல் பத்து நிமிடத்தில், 20 கி.மீ. வேகத்துக்குள், சிறு பள்ளத்தில் இடதுபக்கச் சக்கரம் இறங்கும்போது ஒரு முறை டொக் என்ற ஓசை. பிரேக்கை அழுத்திக்கொண்டு இறங்கினால் குறைகிறது.’ பழுது எதுவென்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ‘ஷாக் அப்சார்பர் போய்விட்டது’ என்று எழுதினால் அதை மட்டும் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள்.

ஓசை வரும் சூழலே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். மெதுவாகச் செல்லும்போது சிறு பள்ளங்களில் தட்டினால் சஸ்பென்ஷனிலுள்ள லிங்க் ராடு என்ற இணைப்புக் கம்பி. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வந்தால் ஷாக் அப்சார்பரின் மேல் பிடிப்பு. முழுதாகத் திருப்பி வளையும்போது ‘கட கட’ என்றால் ஆக்ஸில் மூட்டு. வேகத்தோடு உயரும் ரீங்காரம் சக்கர பேரிங்குடையது. காரை முந்தைய மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் என்ஜின் சூடாகும் முன் மெக்கானிக்கை அருகில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். அருகில் இருப்பவர் எடுத்த கைபேசிப் பதிவும் உதவும்.

வாரண்டி முடிவதற்குள் இந்த விவரத்தோடு ஒரு ஜாப் கார்டாவது திறந்திருக்க வேண்டும். பழுது அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டாலும், புகார் காலத்துக்குள் பதிவானது என்று வாதிட இடம் இருக்கும். மாற்றிய பாகத்துக்குப் புதிதாக முழு வாரண்டி தொடங்கும் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலும் பழைய வாரண்டியின் மீதி நாள்களே அதற்கும்.

கேள்வி: 10,000 கி.மீ.யில் செய்ய வேண்டிய சர்வீஸை 12,500-இல் செய்தேன். இப்போது பின்கதவுக் கண்ணாடி இறங்கவில்லை. சர்வீஸ் தவறியதால் வாரண்டி ரத்து என்கிறார்கள்.

பதில்: தவறிய ஆயில் மாற்றத்துக்கும் கண்ணாடி மோட்டாருக்கும் என்ன உறவு? என்ஜினில் பழுது வந்திருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்திருக்கும். முதலில், ஓட்டுநர் பக்கச் சுவிட்சில் இறங்காத கண்ணாடி அந்தக் கதவின் சுவிட்சிலாவது இறங்குகிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கான பூட்டுப் பொத்தானையும் ஃபியூஸையும் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால், வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர்களில் பலர் எழுதித் தரத் தயங்குவார்கள். தந்தால், அதை வைத்துத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை வெளியில் மோட்டாரை மாற்றிவிடாதீர்கள்; மாற்றிவிட்டால், அவர்கள் ஆய்வு செய்ய வரும்போது கதவுக்குள் காட்டுவதற்குப் பழுதான மோட்டார் இருக்காது.