கேள்வி – பதில்: மூன்று படிக்கு எத்தனை அடி சாய்தளம்?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தின் விறாந்தை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம், 35 அடி நீளம். மூன்று படிகளும் வலது மூலையில். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காக, படிக்கு முன்னால் 6 அடியில் சாய்தளம் கட்டலாம் என்கிறார் மேசன். போதுமா? கையில் இருக்கும் காசும் கொஞ்சம்தான்.
– வாசகர், திருக்கடலூர்

பதில்: போதாது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். உங்கள் 18 அங்குலத்துக்கு 18 அடி வேண்டும். 6 அடியில் கட்டினால் ஏற்ற இரண்டு பேர் தேவை, இறக்கும்போது நாற்காலி கையை மீறி ஓடும். ஊரில் அப்படிக் கட்டியவை கடைசியில் மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் உதவுகின்றன.

கேற் பக்கம் நீட்டாமல் விறாந்தைச் சுவரோடு ஒட்டியே ஏற்றிக்கொண்டு போங்கள். 18 அடி ஏற்றம், மேலே 5 அடிக்கு 5 அடி சமதளம். அந்த இடத்தில் விறாந்தையின் அரைச்சுவரை 4 அடிக்கு உடைத்தால் வழி கிடைத்துவிடும். சமதளம் இல்லையென்றால் நாற்காலியைத் திருப்ப முடியாது. செலவு பார்த்து இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சாய்தளத்தின் உள் அகலமும் 4 அடி இருக்கட்டும்.

4 அங்குலத் தடிப்பில் 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீற் போட ஏறக்குறைய 6 பை சீமெந்து, மூன்றிலொரு கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) சல்லி, அதில் பாதி ஆற்று மணல். நிரப்ப முக்கால் கியூப் கிரவல். பக்கச் சுவர்க் கல்லுக்கும் பூச்சுக்கும் கணக்கு வேறு. கிட்ட இருக்கிறதென்று கடற்கரை மணலை அள்ளிவிடாதீர்கள், அதிலுள்ள உப்பு கைபிடிக் கம்பியை அடியிலிருந்தே தின்னும்.

கிரவலை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. 6 அங்குலம் போட்டு, நனைத்து, இடித்து, பிறகு அடுத்த 6 அங்குலம். இல்லாவிட்டால் கார்த்திகை மழையோடு உள்ளே இறங்கி மேல்தளம் வெடிக்கும். கீழ்முனையை மெல்லியதாகத் தேய்த்து முடித்தால் ஆறு மாதத்தில் உடைந்துவிடும். அங்கே 4 அங்குலம் தோண்டி, முழுத் தடிப்போடு நிலமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கச் சுவர் தளத்துக்கு மேல் 3 அங்குலம் நின்றால் சில்லு வெளியே இறங்காது.

மேலே வழுவழுப்பாகப் பூசவோ ரைல்ஸ் ஒட்டவோ விடாதீர்கள். ஈரம் காயுமுன் ஈர்க்குமாற்றால் குறுக்காக ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஏழு நாள் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள்.

கைபிடிக்கு ஒன்றேகால் அங்குல ஜீ.ஐ. பைப் (நாகம், அதாவது சிங்க், பூசிய இரும்புக் குழாய்), உயரம் 3 அடி, இரு முனையிலும் ஓர் அடி கூடுதலாக நீளட்டும். வெல்டிங் செய்த இடத்தில் நாகப் பூச்சு எரிந்துபோகும். கடற்காற்றில் துரு அங்கேதான் தொடங்கும் என்பதால், உரசித் துடைத்து நாகப் பெயின்ற் இரண்டு தரம் பூசுங்கள். இரு பக்கமும் போட முடியாதென்றால் ஒரு பக்கம் மட்டும் கைபிடி போட்டுக் காசை மிச்சம் பிடிக்கலாம். சாய்வில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: மண்டபக் கதவு இரட்டைப் பலகை. ஒன்றைத் திறந்தால் 21 அங்குலம்தான். கீழே 2 அங்குல நிலைப்படி வேறு.
– வாசகர், உவர்மலை

பதில்: 32 அங்குலம் வேண்டும். கூட்டம் நடக்கும்போது இரண்டையும் திறந்து கொக்கி போட்டுவிடுங்கள், செலவில்லை. நிலைப்படியை ஓடாவி அறுத்தெடுக்கலாம். அதற்கு முன் நிலையின் இரண்டு கால்களையும் எல் இரும்பு வைத்துச் சுவரோடு பிடிக்க வேண்டும், இல்லையேல் கதவு இறங்கிவிடும்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும், இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும். நிதி கேட்டு எழுதும் கடிதத்தில் இவ்விரண்டையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: கொமட்டுக்குப் பக்கத்தில் பூட்டிய கைபிடி இரண்டே மாதத்தில் பெயர்ந்து வந்துவிட்டது.
– வாசகர், பாலையூற்று

பதில்: சுவர் உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லாக இருக்கும். பிளாஸ்டிக் பிளக் பிடித்திருப்பது கல்லின் ஓரங்குல வெளித்தோலைத்தான். எழுகிற ஆளின் முழுப் பாரமும் அதை வெளியே இழுக்கிறது. சுவரை ஊடுருவித் துளைத்து, அரை அங்குல போல்ற் போட்டு, மறுபக்கம் 4 அங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்து முறுக்குங்கள். மறுபக்கம் போக வழியில்லையென்றால் கைபிடிக்குக் கால் வைத்து நிலத்துக்குள் கொங்கிறீற்றில் இறக்குங்கள். உயரம் 28 முதல் 30 அங்குலம். துவாய் போடும் கம்பி இதற்கு உதவாது.

கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்கிறதா? பிணைச்சலை மாற்றி வெளியே திறக்கச் செய்யுங்கள். உள்ளே ஆள் விழுந்தால் அவரே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார்.