தையில் கோதுமை விதைக்கலாமா?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் 2 ஏக்கர், போர் தண்ணீர் உண்டு. ராகி அறுத்த நிலத்தில் தை பிறந்ததும் கோதுமை விதைக்கலாமா? வெப்பம் தாங்கும் வடநாட்டு விதை தருவதாகவும், விளைச்சலைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் ஒரு வியாபாரி சொல்கிறார். நீலகிரி வெலிங்டனில் கோடையிலும் கோதுமை விளைகிறதாமே?

பதில்: தையில் விதைக்காதீர்கள். கோதுமைக்குப் பூத்த பிறகு மணி பிடிக்கிற அந்த ஒரு மாதம்தான் முக்கியம். பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் மணி நிதானமாகப் பால் பிடித்து முற்றும். 30-ஐத் தாண்டித் தொடர்ந்தால் பயிர் அவசரமாகப் பழுத்துவிடும். கதிர் பார்க்க நன்றாக இருக்கும். அடித்தால் சுருங்கிய மணிதான் விழும். ஐப்பசியில் விதைத்தது மார்கழிப் பனியில் பால் பிடிக்கும், தையில் விதைத்தது பங்குனி வெயிலில். உரம் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது.

நவம்பரிலேயே விதைக்கும் பஞ்சாப், அரியானாகூடத் தப்பவில்லை. 2022 மார்ச், 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வெப்பமான மார்ச். 11.13 கோடி டன் என்றிருந்த நாட்டின் கோதுமை விளைச்சல் மதிப்பீட்டை மே மாதம் 10.5 கோடியாகக் குறைத்தார்கள். மே 13-இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

வியாபாரிக்கு வருகிறேன். வடநாட்டு ரகத்தில் ‘தாமத விதைப்புக்கு ஏற்றது’ என்றால் அது அங்கத்திய டிசம்பர் விதைப்பு. ‘வெப்பம் தாங்கும்’ என்றால் இழப்பு ஓரளவு குறையும், அவ்வளவுதான். இதை அவர் சொல்ல மாட்டார். மாவு மில்லுக்கு வந்த கோதுமையையே விதை என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டை இருக்கிறதா, ரகப்பெயர், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதனைத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். ‘நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்பதை விலையோடு எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு, அறுவடையன்று ‘மணி சிறுத்திருக்கே’ என்று மாறிவிடும். அப்போது நீங்கள் போய் நிற்க இடமில்லை. 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 2,425 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவித்தார்கள். அந்த விலைக்கு உங்கள் ஊரில் யார் வாங்குகிறார்கள்? தமிழ்நாட்டுச் சமவெளிக்கென ரகம் வெளியிட்டதோடு சரி, விதை கைக்குக் கிடைப்பது பெரும்பாடு. விவசாயி வியாபாரியிடம் போகாமல் என்ன செய்வார்?

வெலிங்டன் கதை வேறு. அது சுமார் 1,850 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். உங்கள் ஊர் மேட்டுநிலம்தான், ஆனாலும் அந்த உயரம் இல்லை. அங்கே இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் கோடையிலும் கோதுமை வளர்ப்பது, புது ரகங்களைச் சீக்கிரம் உருவாக்கவும் துருநோயை (இலையிலும் தண்டிலும் துருப்போல் படியும் பூஞ்சை நோய்) தாங்குமா என்று சோதிக்கவும்தான். அங்குள்ள குளிரில் துருநோய் ஆண்டு முழுக்க உயிரோடு இருக்கும். வெயிலிலிருந்து தப்பித்தவர் துருவிடம் மாட்டுவார். அதைப் பார்த்து நீங்கள் விதைக்க வேண்டாம்.

ஆசை இருந்தால் வரும் ஆண்டு அரை ஏக்கரில் மட்டும் ராகியை விட்டுவிட்டு ஐப்பசியில் கோதுமை போடுங்கள். விதைத்த 20-ஆம் நாள் வாக்கில் புது வேர் இறங்கும்போது தண்ணீர் தவறக்கூடாது. சான்று விதைக்கு ஆடியிலேயே வேளாண் அறிவியல் நிலையத்தில் சொல்லி வையுங்கள். ஐப்பசியில் போய்க் கேட்டால் கிடைக்காது.