வாசகர் கேள்வி: மேற்கோள் கணக்கும் அதன் கோளாறுகளும்

கேள்வி: என் ஆய்வு வழிகாட்டிக்கு கூகுள் ஸ்காலரில் 1,150 மேற்கோள் காட்டுகிறது. ஸ்கோபஸில் 640தான். எதை நம்புவது?
– முனைவர் பட்ட மாணவி, திருநெல்வேலி

ஒருவரின் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை ஆதாரமாகச் சுட்டுகின்றன என்பதுதான் மேற்கோள் கணக்கு. கூகுள் ஸ்காலரும் ஸ்கோபஸும் அதை எண்ணும் தளங்கள். இரண்டுமே பொய்யில்லை. எண்ணும் எல்லைதான் வேறு. ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் இடும் வடிவம்), கல்லூரித் தளத்தில் கிடக்கும் பிடிஎஃப் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்காலர் சேர்த்துக்கொள்ளும். ஸ்கோபஸ் தான் பட்டியலிட்ட இதழ்கள், நூல்கள் போன்ற வெளியீடுகளைத் தாண்டாது. விண்ணப்பத்தில் வெறும் எண்ணை எழுதாமல், எந்தத் தளம், எந்தத் தேதி நிலவரம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெடில் போய் எண்ண வேண்டாம். அங்கே வரும் மேற்கோள் பட்டியல் முழுமையானதல்ல.

கேள்வி: சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் சேர்ந்து இன்னொரு பெயர். என் கட்டுரைகள் இரண்டு ஆட்கள் எழுதியதுபோல் பிரிந்து கிடக்கின்றன. எப்படிச் சேர்ப்பது?
– உயிர்வேதியியல் ஆய்வாளர், வேலூர்

நம் ஊர் ஆய்வாளர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி இது. தரவுத்தளங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று வைத்துக்கொண்டு இயங்குகின்றன. முருகன் மகன் குமார் என்று வைத்துக்கொள்வோம். ‘எம். குமார்’ என்று அனுப்பினால் ‘குமார் எம்’ என்று பதிவாகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி அனுப்பினால் ‘முருகன் கே’. இயந்திரத்துக்கு இவர்கள் வேறு வேறு ஆட்கள்.

முதலில் ஒரே வடிவத்தை முடிவுசெய்து, இனி அனுப்பும் எல்லாக் கட்டுரையிலும் அதையே போடுங்கள். அடுத்து ஆர்க்கிட் (ORCID) எண். பெயர் எப்படி இருந்தாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் எண் இது. 16 இலக்கம், கட்டணம் கிடையாது. பெயரின் மற்ற வடிவங்களையும் அந்தக் கணக்கிலேயே பதிந்து வைக்கலாம். கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போதே இந்த எண்ணைக் கொடுத்துவிடுவது நல்லது. விட்டுப்போனால் பழைய கட்டுரைகளைத் தேடித் தேடி இணைக்க வேண்டிவரும். பிறகு ஸ்கோபஸில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் தேடி, வரும் சுயவிவரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றாக்கக் கோரிக்கை கொடுங்கள்.

ஸ்காலரில் சிக்கல் தலைகீழ். குமார் போன்ற பெயருக்கு ஊரார் கட்டுரையெல்லாம் உங்கள் கணக்கில் வந்து விழும். புதுக் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். பிறருடையதை நீக்குங்கள். ஆனால் உங்கள் கட்டுரையே இரண்டு முறை (முன்பதிப்பாகவும் இதழிலும்) இருந்தால் ஒன்றை நீக்கக் கூடாது, ஒன்றாக இணைக்க வேண்டும். நீக்கினால் அதற்கு வந்த மேற்கோள்களும் கணக்கிலிருந்து போய்விடும்.

கேள்வி: எச்-இண்டெக்ஸ் எப்படிப் போடுகிறார்கள்? அது உயர்ந்தால் ஆய்வும் உயர்ந்ததா?
– கல்லூரி ஆசிரியர், கோவை

இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன கணக்கு. கட்டுரைகளை மேற்கோள் இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 48, 22, 15, 9, 6, 5, 2. ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள். வரிசை எண்ணைவிடக் குறையவில்லை. ஆறாவதுக்கு 5தான். மேற்கோள் தன் வரிசை எண்ணைவிடக் குறையாத கடைசிக் கட்டுரையின் வரிசை எண்தான் எச். ஆகவே இங்கே எச் 5. ஆறாவது கட்டுரைக்கு இன்னும் ஒரே ஒரு மேற்கோள் வந்தால் 6 ஆகிவிடும். முதல் கட்டுரையின் 48 என்பது 4,800 ஆனாலும் எச் அசையாது.

தன்னைத் தானே மேற்கோள் காட்டி ஏற்றுவது எங்கே நடக்கும் என்பது இப்போது புரிந்திருக்கும்: எல்லையில் நிற்கும் அந்த ஆறாவது, ஏழாவது கட்டுரைகளில். ஸ்கோபஸில் சுய மேற்கோளைக் கழித்தும் பார்க்கலாம்; கழித்துப் பாருங்கள்.

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எச் பார்ப்பதில்லை. உயிர்மருத்துவத்தில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். லான்செட் மருத்துவ இதழில் வரும் உலக நோய்ச்சுமை ஆய்வுகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள். நடுவில் இருப்பவருக்கும் முழு மேற்கோளும் சேர்ந்துவிடும். துறைவிட்டுத் துறை ஒப்பிடவும் கூடாது. புற்றுநோயில் எழுதுபவர்கள் ஆயிரக்கணக்கில், ஏதோ ஒரு ஒட்டுண்ணியை ஆராய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்.

மேற்கோள் என்பது பாராட்டும் அல்ல. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் லான்செட்டில் வந்தது. 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010-ல் இதழே திரும்பப் பெற்றது. அதை மறுத்து எழுதுபவரும் அதை மேற்கோள் காட்டித்தானே ஆக வேண்டும்? எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். இன்னொரு பக்கம், புரதத்தை அளக்க லௌரி குழு 1951-ல் எழுதிய செய்முறைக் கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் மேற்கோள். காரணம் எளிது: அந்த முறையில் புரதம் அளந்தவர்கள் அதைக் குறிப்பிட்டாக வேண்டியிருந்தது.

கேள்வி: எச்-இண்டெக்ஸ் 40 உள்ள மருத்துவரிடம் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?
– வாசகர், மதுரை

இந்த எண் அதற்கு உதவாது. அந்த அறுவை சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார், சிக்கல் எத்தனை பேருக்கு வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.