கார் ஷெட்டில் ஏசி: வாங்கும் முன் சில கேள்விகள்

காரைத் தெருவில் நிறுத்திவிட்டு ஷெட்டை டியூஷன் அறையாகவும் தையல் கூடமாகவும் மாற்றிக்கொள்ளும் வீடுகள் பெருகிவிட்டன. கத்திரி வெயில் நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஷெட்டைக் குளிர வைப்பது பற்றியவை. பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் தந்திருக்கிறேன்.

எங்கள் ஷெட் 10 அடிக்கு 18 அடி. மேலே தகரம், முன்னால் ரோலிங் ஷட்டர். அங்கே என் மனைவி பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். ஒன்றரை டன் போதும் என்று நான் நினைக்கிறேன். கடைக்காரர் இரண்டு டன் என்கிறார். – திருச்சி

ஷெட் இப்போது இருக்கிற நிலையில் கடைக்காரர் சொல்வதுதான் சரி. ஆனால் இதே நிலையில் வைத்துக்கொண்டு ஏன் ஏசி வாங்க வேண்டும்?

ஒரு டன் ஏசி மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை, அதாவது ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் அளவை, அறையிலிருந்து வெளியே தள்ளும். 120 சதுர அடிக்கு ஒரு டன், 180 சதுர அடிக்கு ஒன்றரை டன் என்ற கணக்கு, தலைக்கு மேல் இன்னொரு மாடி இருக்கும் அறைக்குப் பொருந்தும். மே மாத மதியத்தில் தகரம் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அந்தச் சூடு நேராகப் பிள்ளைகளின் தலையில் இறங்கும். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலிலிருந்தும் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வருகிறது. ஆசிரியரையும் சேர்த்தால் அதுவே கால் டன்னுக்கு மேல்.

முதலில் தகரத்தின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தூசி படிந்தால் அதன் பலன் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும். கீழே ஓரடி இடைவெளி விட்டு ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன் முதுகில் கண்ணாடிக் கம்பளி அல்லது ராக்வுல் பரப்புங்கள். தெர்மோகோல் மலிவுதான். ஆனால் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும் பொருளைப் பிள்ளைகளின் தலைக்கு மேல் வைக்க எனக்கு மனம் வராது. ஷட்டருக்கு உட்புறம் பிளைவுட் தடுப்பும் கதவும் வேண்டும். ஷட்டரின் அடியிலும் இரு பக்கமும் உள்ள இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று நாள் முழுவதும் தெருவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவும் செய்த பிறகு உங்கள் ஒன்றரை டன் தாராளமாகப் போதும். செய்யாவிட்டால் இரண்டு டன் வாங்கினாலும் மதியம் இரண்டு மணிக்குத் திணறத்தான் செய்யும்.

எங்களுடையது பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஃபால்ஸ் சீலிங் தொங்கவிட அதில் துளை போடலாமா? – ஈரோடு

கூடாது. துளைப்பது, உரசுவது, உடைப்பது எதையும் செய்யாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் நார்த்தூள் நுரையீரலுக்குக் கேடு. சுவரிலிருந்து சுவருக்கு இரும்புச் சட்டம் கொடுத்து, கூரையைத் தொடாமல் சீலிங்கைத் தாங்கச் செய்யுங்கள்.

விண்டோ ஏசியா, ஸ்பிளிட்டா? உருட்டிக்கொண்டு போகும் போர்ட்டபிள் வகை கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. செலவு 35,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். – விழுப்புரம்

போர்ட்டபிளை மறந்துவிடுங்கள். ஒற்றைக் குழாய் வகை அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, சூடாக்கி வெளியே ஊதுகிறது. ஊதிய காற்றுக்கு ஈடாக ஷட்டர் இடுக்கு வழியே தெருவின் அனல் உள்ளே வரும். சத்தமோ காதருகே.

ஷெட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது விண்டோ ஏசிதான். நவீன வீடுகளில் அதை வைக்க ஜன்னல் இல்லை என்பதால் மதிப்பிழந்துவிட்டது. ஷெட்டின் பக்கச் சுவரிலோ கொத்தனாரைக் கொண்டு திறப்பு வெட்டுவது அரைநாள் வேலை. செப்புக் குழாய் இழுக்க வேண்டியதில்லை, பொருத்துக்கூலி குறைவு, வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். தண்ணீர் வடிய வெளிப்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். சத்தம் கொஞ்சம் கூடுதல், ஆகவே பாடம் நடத்தும் இடம் என்றால் ஸ்பிளிட் நல்லது. ஸ்பிளிட்டுக்குப் பணம் ஒதுக்கும்போது அவுட்டோர் யூனிட்டுக்கான ஸ்டாண்டு, கூடுதல் குழாய், வயர் எல்லாவற்றுக்கும் தனியாகக் கேட்பார்கள் என்பதை மனத்தில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

ஷெட்டில் ஏற்கெனவே ஒரு பிளக் இருக்கிறது. அதில் செருகினால் ஆகாதா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? – நாமக்கல்

அது அயர்ன் பாக்ஸுக்கும் செல்போனுக்கும் போட்ட பிளக். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், அதற்கென்று ஒரு எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த். எர்த்தை மட்டும் எலெக்ட்ரீஷியன் வாய்வார்த்தையை நம்பி விட்டுவிடாமல் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பில்லை நீங்களே கணக்கிடலாம். நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. அதை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று வரும். ஷெட் என்பதால் அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு யூனிட், நாளுக்கு ஆறு மணி நேரம் என்றாலே இரண்டு மாதத்தில் 360 யூனிட். வீட்டின் மற்ற செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு நீங்கள் அனுபவித்த சலுகைக் கட்டணமும் கைவிட்டுப் போகும். பில்லைப் பார்த்துப் பலர் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் கொடுப்பது இதனால்தான். கட்டணம் வாங்கித் தொழில் நடத்துகிறீர்கள் என்றால் வீட்டு இணைப்பிலேயே ஓட்டலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பொருத்த வந்தவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். குழாயை இணைத்ததும் கொஞ்சம் கேஸைத் திறந்து "புஸ்" என்று வெளியே விட்டார். அது சரியான முறையா? – கடலூர்

இல்லை. இன்று வந்த கடிதங்களிலேயே இதுதான் என்னை மிகவும் உறுத்தியது.

புதுக் குழாய்க்குள் காற்றும் ஈரமும் இருக்கும். வேக்யூம் பம்ப் வைத்து அதை உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடம் சற்று நேரம் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸைத் திறக்க வேண்டும். நின்றால் கசிவு இல்லை என்று பொருள். "புஸ்" முறையில் ஈரம் முழுதாகப் போகாது. உள்ளே தங்கிய ஈரம் கம்பிரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, இரண்டு மூன்று கோடைகளில் கம்பிரசரை அரித்துவிடும். அதற்குள் பொருத்தியவர் எங்கே இருப்பாரோ! இன்னொன்று, இப்போதைய ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. அது மெதுவாகத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ். சிலவற்றில் இருக்கும் ஆர்-290 சமையல் கேஸின் உறவான புரொபேன். பீடி பிடித்துக்கொண்டு "புஸ்" விடுகிற காலம் போய்விட்டது.

நிறுவனத்தின் சேவை எண்ணில் புகார் பதிந்து, கேஸை மீட்டெடுத்து வேக்யூம் செய்து மறுபடி எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் அதையும் நம்பாதீர்கள். அது தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஷெட்டில் ஸ்கூட்டரும் பெயிண்ட் டப்பாக்களும் ஒரு மூலையில் இருக்கின்றன. மூடிவிட்டு ஏசி போடலாமா? – கோவை

ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. பெட்ரோல் ஆவியும் தின்னர் நெடியும் உள்ளேயே தேங்கும். ஸ்கூட்டரையும் டப்பாக்களையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு ஏசி போடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் ஸ்கூட்டரை ஒரு நிமிடம்கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வீட்டுப் பின்புறம் கழிவுநீர்க் கால்வாய், கடலும் பக்கம்தான். அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது? – சென்னை, திருவான்மியூர்

கால்வாயின் பக்கம் வேண்டவே வேண்டாம். சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு செப்புக் குழாயைக் கறுக்க வைத்துப் பொத்தலாக்கும். உப்புக்காற்று நேரே அடிக்காத பக்கமாக, நிழலில், முன்னால் தடையில்லாமல் வையுங்கள். அழகுக்காகக் கூண்டு கட்டினால் தான் ஊதிய அனலைத் தானே இழுக்கும். பூச்சு கொடுத்த காயில் (குழாய்ச் சுருள்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள்.

ஏசியிலிருந்து வடியும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோம். சரிதானே? – மதுரை

வேண்டாம். அது காயிலில் இருக்கும் தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. தரை துடைக்கப் பயன்படுத்துங்கள்.

ஏசிக்குப் பதில் ஏர் கூலர் வாங்கலாமா? – வேலூர், தூத்துக்குடி

வேலூரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்கலாம். தூத்துக்குடியில் வேண்டாம், காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கும்போது கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

18 டிகிரியில் வைத்தால் ஷெட் சீக்கிரம் குளிருமா? – தஞ்சாவூர்

குளிராது. 18-ல் வைத்தாலும் 26-ல் வைத்தாலும் முதல் அரை மணி நேரம் கம்பிரசர் ஓடுவது ஒரே வேகத்தில்தான். 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட்டு வருகின்றன. நீங்கள் 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள்.